பதினோராம் குழியில் பனி

போட்டியை ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்தவர் செருப்புக்கடைக்காரர். மதியத்துக்குள் மலைப்பக்கமிருந்து பனி இறங்கும் என்று செய்தியில் சொன்னார்களாம். அவர்தான் குழுவுக்குத் தலைவர், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. காலைச் சாப்பாட்டை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்வது என்று ஆயிற்று. வந்திருந்த பதினாறு பேரில் பதினைந்து பேருக்கு அதனால் வயிறு கொஞ்சம் இரைந்ததைத் தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

பதினாறாவது ஆள் அவளுடைய அண்ணன்.

அது ஒன்றும் பெரிய கோல்ஃப் குழு அல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி, வருஷத்துக்கு ஒரு முறை வெளியூர் மைதானம் ஏதாவது ஒன்றில் போட்டி வைத்துக்கொள்ளும் கூட்டம். ஒருவருக்கும் ஒழுங்காக ஆடத் தெரியாது. நேராக அடித்தால் அதிர்ஷ்டம், பந்து திரும்பக் கிடைத்தால் அதைவிட அதிர்ஷ்டம் என்பதுதான் அவர்களுடைய தரம். ஆனால் போட்டி நாளன்று மட்டும் எல்லோரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, உலகக் கோப்பைக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

அவளை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டவன் அண்ணன்தான். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். காலையிலிருந்து மாலை வரை ஜன்னல் இல்லாத அறையில் நின்று, "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. "நாள் பூரா அடுத்தவன் எலும்பையே பாத்துட்டிருக்கியே பாப்பா, கொஞ்சம் வெயிலயும் பாரு" என்று எட்டு மாதத்துக்கு முன் இழுத்துக்கொண்டு வந்தான். அவளுக்கு நாற்பத்துநாலு வயது, இன்னும் அவனுக்குப் பாப்பாதான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அதே கம்பெனி. அடுக்குமாடிகளின் நடுவே இருக்கும் இருட்டுக் குழாய்க்குள் ஏறி இறங்கிக் கயிறும் கப்பியும் பார்க்கிற வேலை. பெரும்பாலும் தனியாகத்தான் போவான். "மாடிக்கு மாடி எனக்கு வீடு இருக்கு, ஆனா ஒரு வீட்டுலயும் கதவு திறக்க மாட்டாங்க" என்பான். ஊர்ப்பட்ட கதை வைத்திருப்பான், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளாமல் உள்ளே ஒரு கால்கூட வைக்கமாட்டேன் என்பதில்தான் பாதிக் கதை முடியும். அவன் இருக்கும் இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் யாரும் சும்மா இருந்ததில்லை.

அன்றைக்கு நாலு நாலு பேராகப் பிரித்தபோது, அண்ணனும் அவளும் செருப்புக்கடைக்காரரும் ஒரு கணக்கு வாத்தியாரும் ஒன்றாக விழுந்தார்கள். வாத்தியாருக்குக் குழுவில் ஆமை என்று பெயர். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஐந்து தடவை காற்றில் வீசிப் பார்ப்பார், பிறகு நின்று யோசிப்பார், பிறகு மறுபடி இரண்டு தடவை வீசுவார். அவருக்கு முன்னாலேயே ஆமை என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஏழாம் குழி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. எட்டாம் குழியில் ஏற்றம். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். காற்று குளிர்ந்து வீசிய நேரம் அது. ஏற்றத்தில் நடந்த வேர்வை என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பல நாள் அந்த ஒரு நினைப்பை அவள் தனக்குத் தானே மன்னிக்கவில்லை.

ஒன்பதாம் குழியில் ஒரு முழம் தூரத்துப் பந்தை அவன் குழியில் தள்ளத் தவறினான். எல்லோரும் தவறவிடுவதுதான். அவன் சிரிக்கவில்லை. ஆமை வழக்கம்போல் காற்றில் வீசிக்கொண்டிருந்தபோது, "அடிக்கிறதுன்னா அடி, இல்லன்னா வீட்டுக்குப் போ" என்றான். வாத்தியார் மட்டையை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். அண்ணன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

"என்னண்ணா ஆச்சு உனக்கு?" என்று அவள் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பசி" என்றான்.

பத்தாம் குழியில் எத்தனை அடி என்று செருப்புக்கடைக்காரர் கேட்டதற்கு விரலை மடக்கி மடக்கி எண்ணினான். எண்ணி முடிக்கவே இல்லை. பாதியில் விட்டுவிட்டு நடந்தான்.

பதினோராம் குழிக்குப் போகிற வழியின் இடது பக்கம் முழுக்க ஒரு பழைய கல்குவாரி. எந்தக் காலத்திலோ மலையைக் குடைந்து கல் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஐந்தாறு மாடி ஆழத்துக்கு ஒரு பள்ளமும் அடியில் பச்சைத் தண்ணீரும். ஓரத்தில் முட்டளவு புல்லும் புதரும். அதற்கு அப்பால் இடுப்பளவு கம்பிவேலி. வேலியில் இருபது அடிக்கு ஒன்றாக எச்சரிக்கைப் பலகை.

அண்ணன் அடித்த பந்து நேரே இடது பக்கம் திரும்பிப் புதருக்குள் போனது.

"விட்டுத்தள்ளுப்பா, வேற பந்து போடு" என்றார் செருப்புக்கடைக்காரர்.

அண்ணன் கையில் இருந்த ஒற்றை மட்டையோடு புதர்ப் பக்கம் நடந்தான். பையும் தள்ளுவண்டியும் நின்ற இடத்திலேயே நின்றன. "ரெண்டு நிமிஷம்" என்று மட்டும் சொன்னது கேட்டது.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் பனி வந்தது.

செய்தியில் சொன்னதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது. முதலில் மலை உச்சி காணாமல் போனது. அவள் அதைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தாள். அப்புறம் தூரத்து மரங்கள், அப்புறம் கொடிக்கம்பம். ஈரத்துணியை முகத்தில் போட்டதுபோல் ஒரு குளிர். தன் தள்ளுவண்டியின் கைப்பிடி தெரிந்தது, சக்கரம் தெரியவில்லை. வாத்தியார் எங்கே நிற்கிறார் என்பது அவர் இருமியதால் தெரிந்தது.

"அண்ணா" என்று கூப்பிட்டாள்.

இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பந்து கிடக்கட்டும், வந்துடு."

பின்னால் எங்கோ ஒரு மட்டை பந்தில் படும் சத்தம் கேட்டது. அடுத்து வந்த நாலு பேர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூச்சு நேரம் எதுவும் இல்லை. பிறகு அவளுக்கு ஒரு கை தூரத்தில் தரையில் பொத்தென்று ஏதோ விழுந்து எகிறியது. செருப்புக்கடைக்காரர் பின்பக்கம் திரும்பி, தொண்டை கிழிய, "நிறுத்துங்கப்பா, ஆள் இருக்கு இங்க" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் மைதான அலுவலகத்தின் சங்கும் ஊதியது. ஆட்டத்தை நிறுத்தி எல்லோரும் திரும்பி வர வேண்டும் என்பதற்கான நீண்ட ஒற்றைச் சங்கு. அது ஓய்ந்ததும் வந்த அமைதிதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது. சங்கு கேட்டும் அண்ணன் வரவில்லை. ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை.

அவனுடைய போனுக்கு அடித்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே, அவன் பைக்குள், அது ஒலித்தது.

எடுக்கப் போனபோது பையின் பக்கவாட்டு அறையில் கை பட்டது. பேனா போல ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பேனா இல்லை, இன்சுலின் ஊசி. ஆஸ்பத்திரியில் தினம் பார்க்கிற சாமான்தான். ஆனாலும் அது என்னவென்று மனசுக்குள் ஏற ஒரு நொடி பிடித்தது. அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பது தெரியும், ஏழெட்டு வருஷமாக மாத்திரை. ஊசி என்று அவன் சொன்னதே இல்லை.

அண்ணிக்குப் போன் செய்தாள். மூன்றாவது மணியில் எடுத்தாள் அண்ணி.

"அண்ணி, அண்ணன் ஊசி போட்டுக்கறானா?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. ரெண்டு மாசமாம்மா. ஏன், என்ன ஆச்சு?"

"இன்னிக்கிப் போட்டானா?"

"ஆறு மணிக்குப் போட்டாரு. அங்க போனதும் முதல்ல சாப்பாடுதான்னு சொல்லிட்டுத்தானே கிளம்பினாரு. சாப்பிட்டாரு இல்ல?"

மணி பத்தே கால். நாலே கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெறும் வயிற்றில், ஏற்றத்தில் நடந்து, மட்டை வீசி.

"நான் அப்புறம் பேசறேன் அண்ணி" என்று வைத்தாள்.

சர்க்கரை இறங்கிப்போன ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். படம் எடுக்க ஸ்ட்ரெச்சரில் வருவார்கள். சிலர் தூங்குவதுபோல் கிடப்பார்கள். சிலர் எழுந்து அடிக்க வருவார்கள். ஒரு பெரிய மனிதர், வங்கியில் உயர்ந்த பதவியில் இருந்தவர், அவளை ரயில் டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துச் சட்டைப்பையில் டிக்கெட் தேடினார். அதற்கு அவள் அன்று சிரித்திருக்கிறாள்.

விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் மற்ற இருவரிடமும் சொன்னாள். செருப்புக்கடைக்காரர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸ் வேண்டும், பதினோராம் குழி, குவாரி ஓரம் என்று சொன்னார். அவருக்கு முழங்காலில் கோளாறு, புதருக்குள் நடக்க முடியாது. "நான் இங்கயே பாதையில நிக்கறேன். ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணிட்டே இருக்கேன். என் குரல் எந்தப் பக்கம் கேக்குதோ அதான் பாதை. வழி தப்பிடாதீங்க" என்றார். அதுவரை அவள் அவரைச் சட்டம் பேசுகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தாள்.

வாத்தியார் தன் பையிலிருந்து ஆரஞ்சுப் பானப் பாட்டில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "சர்க்கரை போட்டதுதான். பாதி இருக்கு" என்றார். பிறகு, யோசிக்கவே யோசிக்காமல், அவளுக்கு முன்னால் புதருக்குள் இறங்கினார்.

புல் நனைந்து கால்சட்டையோடு ஒட்டியது. பத்தடி போனதும் வேலிக்கம்பி கையில் பட்டது. வாத்தியார் சொன்னார்: "கம்பிய விடாதீங்க. நான் முன்னாடி, நீங்க பின்னாடி. கை எடுக்கறதுன்னா சொல்லிட்டு எடுங்க."

பின்னால் செருப்புக்கடைக்காரரின் குரல் பனிக்குள் மிதந்து வந்தது. இருபத்தேழு. இருபத்தெட்டு. சில சமயம் அது பின்னாலிருந்து வந்தது, சில சமயம் பக்கவாட்டிலிருந்து. ஒரு தடவை முன்னாலிருந்தே வந்தது போல் இருந்தது. அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மனசுக்குள் ஒரு சித்திரம் திரும்பத் திரும்ப வந்தது. பச்சைத் தண்ணீர், அதில் முதுகு மட்டும் தெரிய ஒரு வெள்ளைச் சட்டை. துரத்தத் துரத்த வந்தது. அண்ணியிடம் என்ன வார்த்தையில் சொல்வது என்பது வரைக்கும் மனசு போய்விட்டது. ச்சீ என்று தலையை உதறிக்கொண்டாள்.

எழுபத்தொண்ணு. எழுபத்திரண்டு.

வாத்தியார் நின்றார். அவர் முதுகில் இவள் மோதிக்கொண்டாள்.

"கம்பி இல்ல" என்றார்.

ஒரு கம்பம் சாய்ந்து, கம்பிகள் தரையோடு கிடந்தன. அந்த இடத்தில் புல் மிதிபட்டு மடங்கியிருந்தது. மடங்கிய புல் வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு மறுபடி டக். இரும்பு கல்லில் தட்டுகிற சத்தம்.

"அண்ணா."

சத்தம் நின்றது. பிறகு மறுபடி, டக்.

இருவரும் மண்டி போட்டார்கள். நின்றுகொண்டு போகிற தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை. கையால் தரையைத் தடவித் தடவி நகர்ந்தார்கள். புல் முடிந்து பாறை வந்தது, ஈரத்தில் வழுக்கியது. அவள் கை பட்டு ஒரு கல் உருண்டது. எதிரே எங்கோ போய் விளிம்பு தாண்டியது. அவள் மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். வெகு நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

பனி ஒரு கணம் மெலிந்தபோது அவன் தெரிந்தான். ஐந்தாறு அடி தள்ளி, பாறையின் நுனியில், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். மட்டையின் இரும்புத் தலையால் பாறையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

"அண்ணா, நான்தான். பின்னாடி வா."

திரும்பினான். முகம் மெழுகு மாதிரி இருந்தது, வேர்வை தாடையில் சொட்டியது. அவளைப் பார்த்தான், ஆனால் பார்வை அவளிடம் நிற்கவில்லை.

"யாரு அது? கதவ யாரு திறந்தது?"

"பாப்பாதாண்ணா."

"ஆளுங்க நிக்கற இடமா இது? வேலை நடக்குதுன்னு பலகை வெச்சிருக்கேனே, கண்ணு தெரியல? வெளிய போ."

அறிமுகமில்லாதவர்களிடம் பேசுகிற குரல். அந்தக் குரலை அவள் அவனிடமிருந்து வாழ்க்கையில் கேட்டதில்லை.

வாத்தியார் மெல்ல ஓர் அடி முன்னே தவழ்ந்தார். அண்ணன் மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கினான். "கிட்ட வந்தா மண்ட பொளந்துடும்." ஓங்கிய வேகத்தில் அவன் உடம்பு பின்னால் ஆடியது. ஒரு குதிகால் பாறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தது.

வாத்தியார் அப்படியே உறைந்துபோனார். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அவன் திடுக்கிடுவான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கீழ கயிறு உரசற சத்தம் கேக்குது" என்றான் அண்ணன், இப்போது யாரிடமோ சாதாரணமாகப் பேசுவதுபோல. "இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷ வேலைதான்."

மறுபடி பள்ளத்தின் பக்கம் திரும்பினான். ஒரு காலை நீட்டி, ஏணியின் படியைத் தேடுவதுபோல, வெற்றிடத்தில் துழாவினான்.

அவன் எங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இருபத்தாறு வருஷமாக அவன் இறங்குகிற இருட்டுக்குழாய் அது. அங்கே அவனை நிறுத்தக்கூடியது தங்கச்சியின் குரல் இல்லை.

"மெயின் ஆன்ல இருக்கு" என்றாள்.

நீட்டிய கால் நின்றது.

"என்னது?"

"மெயின் சுவிட்ச் இன்னும் ஆஃப் பண்ணல. லிஃப்ட் கூண்டு மேல ஓடிட்டிருக்கு. கால எடுக்காதீங்க."

கால் பின்னுக்கு வந்தது. மெதுவாக, ஒழுங்காக, படித்த பாடம் போல வந்து பாறையில் ஊன்றியது. அவன் முதுகு விறைத்தது.

"எவன்யா அவன் ஆஃப் பண்ணாம விட்டது? சாவி யாருகிட்ட இருக்கு?"

"ஆள் போயிருக்கு, எடுத்துட்டு வராங்க. அதுவரைக்கும் உள்பக்கம் தள்ளி, சுவரோட ஒட்டி உட்காருங்க. கூண்டு உரசிடும்."

அவன் ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணத்தில் அவள் காதில் தன் இதயம் அடிப்பதும், தூரத்தில் ஒரு கரகரத்த குரல் நூற்றுத்தொண்ணூறு என்பதும் மட்டும் கேட்டன. பிறகு அவன் அவர்கள் பக்கமாக இரண்டடி வந்து, மடங்கி உட்கார்ந்தான். மட்டை கையிலிருந்து நழுவி, சறுக்கிக்கொண்டு போய், விளிம்பைத் தாண்டியது.

அவள் தவழ்ந்து போய் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தாள். வாத்தியார் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். பாட்டிலின் மூடியை அவள் பல்லால் திருகினாள்.

"சூப்பர்வைசர் குடுத்துவிட்டாரு. வெயிட் பண்ற வரைக்கும் குடிச்சிட்டிருக்கச் சொன்னாரு."

"அந்த ஆளா? அதிசயமா இருக்கே" என்று முணுமுணுத்துவிட்டு வாங்கிக் குடித்தான். பாதி வாயில் போனது, பாதி சட்டையில் வழிந்தது. "குடி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். காலியான பிறகும் பாட்டிலை அவன் வாயிலிருந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. கால் மணி நேரம் என்று வாத்தியார் சொன்னார். அண்ணன் இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டு தடவையும் "மெயின் ஆன்ல இருக்கு" என்றாள், இரண்டு தடவையும் உட்கார்ந்தான். அவன் சரிந்துவிட்டால் தன்னால் பிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெல்ட்டை விடுவதாக இல்லை. விரல்கள் மரத்துப்போயின.

பிறகு அவன் தலை லேசாகத் திரும்பியது.

"பாப்பா" என்றான். "உன் கை ஏன் இப்படி நடுங்குது?"

அவளுக்கு அழுகை வந்தது. அழாமல், "குளிருதுண்ணா" என்றாள்.

"நாம ஏன் தரையில உட்கார்ந்திருக்கோம்?"

"பந்து தேடறோம். வா, போதும். எழுந்திருக்காதே, அப்படியே தவழ்ந்து வா."

ஐம்பத்திரண்டு வயது மனிதன், ஏன் என்று கேட்காமல், குழந்தை மாதிரி தவழ்ந்து வந்தான். வேலியைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரல் வந்த திசையில் நடந்தார்கள். பாதைக்கு வந்து சேர்ந்தபோது செருப்புக்கடைக்காரர் அறுநூற்று எண்பத்தாறில் இருந்தார். குரல் போய்விட்டிருந்தது, வெறும் காற்றுதான் வந்தது. அண்ணனைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, புல்தரையில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டது தான்தான் என்பது அவருக்கு அதற்குள் உறைத்துவிட்டது போலும்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். இவ்வளவு குடித்த பிறகும் அளவு குறைவாகத்தான் இருந்தது. குடிப்பதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மதியம், ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி வந்து, அழுது, திட்டி, ஓய்ந்து, சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். அண்ணன் பழைய அண்ணனாகத் திரும்பியிருந்தான். "போட்டிய ரத்து பண்ணிட்டாங்களா? நல்லவேளை, இல்லன்னா ஆமை ஜெயிச்சிருப்பாரு" என்றான். அவள் சிரிக்கவில்லை.

"ஊசி போட்டுக்கறத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கம்பெனிக்குத் தெரியுமான்னு கேப்ப."

"தெரியுமா?"

"தெரிஞ்சா உள்ள இறங்க விடமாட்டாங்க பாப்பா. இருபத்தாறு வருஷம் இதத்தான் செஞ்சேன். வேற என்ன தெரியும் எனக்கு? காலையில சாப்பாடு தள்ளிப்போச்சுன்னு சொன்னப்பக்கூட வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? கார்ல ரெண்டு பிஸ்கட் இருந்துச்சு, தின்னேன். சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்."

"நீ எங்க நின்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"பந்து தேடினேன். அப்புறம் நீ கை நடுங்கி உட்கார்ந்திருந்த."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. உடைந்த வேலி, பாறை நுனி, தண்ணீர்ச் சத்தம், ஓங்கிய மட்டை. ஏணிப்படி தேடி நீட்டிய காலைப் பற்றிச் சொன்னபோது அவன் முகத்திலிருந்து கேலி மெல்ல வடிந்துபோனது. கயிறு உரசுகிறது என்று சொன்னாயே என்றதும், "அப்படியா சொன்னேன்?" என்று கேட்டான்.

"போன மாசம் ஒரு நாள்" என்றான். குரல் மிகவும் தணிந்திருந்தது. "ஒன்பது மாடிக் கட்டடம். ஞாபகம் வந்தப்ப கூண்டுக்கு மேல நிக்கறேன். எப்படி ஏறினேன்னு தெரியல. சாவிய எடுத்து வெச்சிருக்கேனான்னு பையில தடவிப் பாக்கறேன், இல்ல. மெயின் ஆன்லயே இருந்துச்சு. அஞ்சாவது மாடியில யாரோ பட்டன் அமுக்கியிருந்தா..." நிறுத்தினான். "தூக்கக் கலக்கம்னு நினைச்சுக்கிட்டேன். அப்படித்தான் நினைக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்."

பாறை நுனியில்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அங்கே அவளாவது பக்கத்தில் இருந்தாள்.

அவன் ஊசி குத்தாத கையை நீட்டினான். "என் போன எடு."

"யாருக்கு?"

"சூப்பர்வைசருக்கு. நீ வெளிய போகாதே. இங்கயே இரு."

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அந்த மனிதர் எடுத்தார். அண்ணன் முதலில் மழுப்பினான், பிறகு சொன்னான். அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தையும் சேர்த்தே சொன்னான். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. "சரி சார்" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு வைத்தான். வைத்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணி வரும் வரை முதுகில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனியில் அவனை வெளியே அனுப்பிவிடவில்லை. உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். "இருபத்தாறு வருஷம் மேலயும் கீழயும் போயிட்டு, இப்ப பக்கவாட்டுல மட்டும் நடக்கறேன்" என்று முதல் மூன்று மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினான். அவளிடம் அந்த மூன்று மாதமும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சொல்லித்தான் வேலை போயிற்று என்பதுபோல ஒரு கோபம். அவளும் வற்புறுத்தவில்லை. தினம் காலை எட்டு மணிக்கு அண்ணிக்கு மட்டும் போன் செய்து, "சாப்பிட்டானா?" என்று கேட்டு வைத்துவிடுவாள்.

ஒரு நாள் அந்தப் போனை அண்ணியிடமிருந்து அவனே வாங்கிக்கொண்டான்.

"சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?" என்றான்.